குடியிருப்புக் கால்வாயில் பாசியும் நீர்த்தரக் கேடும்: அறிகுறியிலிருந்து காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்யும் வழிமுறை

குடியிருப்புகளுக்கு நடுவே வெட்டப்பட்ட கால்வாய்களுக்கு ஆற்றின் ஓட்டமும் கிடையாது, ஏரியின் அகலமும் காற்றலையும் கிடையாது. அதே சமயம், சுற்றியுள்ள கூரைகள், சாலைகள், புல்வெளிகள் எல்லாவற்றின் மழைநீரும் அவற்றில்தான் வந்து சேர்கிறது. அதனால் அங்கே பாசி பிடிப்பது வியப்பில்லை. ஆனால் பச்சையாகத் தெரிவதெல்லாம் ஒரே பாசி அல்ல. ஒரு வகைக்குப் பொருந்தும் தீர்வு இன்னொரு வகையில் ஒரே இரவில் மீன்களைக் கொன்றுவிடும். கால்வாயைப் பராமரிக்கும் குடியிருப்போர் சங்கத்தினரும் கரையோரம் வசிப்பவர்களும், கண்ணில் படும் அறிகுறியிலிருந்து காரணத்தை எட்டுவதற்கான வழியைக் கீழே தந்திருக்கிறேன். எந்த அறிகுறியானாலும், பாசிக்கொல்லி வாங்குவதற்கு முன் நீரின் ஆக்சிஜனையும் ஓட்டத்தையும் அறிந்துகொள்ள வேண்டும். இந்த வரிசை மாறும்போதுதான் பெரும்பாலான இழப்புகள் நேர்கின்றன.

முதலில் அளக்க வேண்டியவை

கரைந்த ஆக்சிஜனை விடியற்காலையில் ஒரு முறையும் பிற்பகல் மூன்று மணி வாக்கில் ஒரு முறையும், மேல்மட்டத்திலும் அடிச்சேற்றுக்கு அரை மீட்டர் மேலேயும் அளக்க வேண்டும். பகலில் பாசி ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜனை வெளியிடுகிறது. இரவில் அதே பாசி ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. ஆகவே நண்பகலில் மட்டும் அளந்துவிட்டு நீர் நலமாக இருக்கிறது என்று முடிவு செய்வது ஆபத்தானது. 20 பாகை செல்சியஸில் நன்னீர் ஒரு லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 பாகையில் சுமார் 7.5 மில்லிகிராம் மட்டுமே தாங்கும். விடியலில் 5 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் மீன்கள் துன்புறத் தொடங்கும். 2 மில்லிகிராமுக்குக் கீழே பெரும்பாலான மீன்கள் நீண்ட நேரம் பிழைக்க மாட்டா. பிற்பகல் அளவுக்கும் விடியல் அளவுக்கும் இடையே உள்ள வித்தியாசம் பெரிதாக இருந்தால், நீரில் பாசியின் அளவு மிகுந்துவிட்டது என்று பொருள்.

தெளிவை அளக்க, 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள, கறுப்பும் வெள்ளையும் மாறிமாறித் தீட்டிய செக்கித் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, அது மறையும் ஆழத்தைக் குறித்துக்கொள்ளலாம். அரை மீட்டருக்குள் மறைந்தால் நிலைமை கடுமையானது.

ஆய்வகத்துக்கு நீர் மாதிரியை அனுப்பும்போது, பாசிக்கு உணவாகும் மொத்த பாஸ்பரஸின் அளவைக் கேட்டு வாங்க வேண்டும். கரைந்த பாஸ்பேட்டை மட்டும் கேட்பது போதாது. பாசி செழித்திருக்கும் நேரத்தில் கரைந்த பாஸ்பேட் அனேகமாகப் பூஜ்யமாகவே வரும், ஏனெனில் அதை ஏற்கெனவே பாசி உறிஞ்சிவிட்டிருக்கும். அந்தச் சீட்டைப் பார்த்து, ஊட்டச்சத்து சிக்கலே இல்லை என்று நினைத்துவிடுவோர் உண்டு. மொத்த பாஸ்பரஸ் லிட்டருக்கு 0.03 மில்லிகிராமைத் தாண்டினால் பாசி எளிதாகப் பெருகும், 0.1 மில்லிகிராமை எட்டினால் நீர் எப்போதும் கலங்கலாகவே இருக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

அறிகுறி: நீர் முழுவதும் பச்சை நிறம், ஆனால் மேலே ஆடை இல்லை

இது பெரும்பாலும் நீரெங்கும் பரவியிருக்கும் நுண்பாசி. ஒரு கண்ணாடிக் குடுவையில் முக்கால் பங்கு நீரெடுத்து, மூடி, அசைக்காமல் ஓர் இரவு குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு மறுநாள் பார்க்க வேண்டும். பச்சை அடியில் படிந்திருந்தாலோ நீரெங்கும் சீராகப் பரவியிருந்தாலோ, அது சாதாரணப் பச்சைப்பாசியாக இருக்க வாய்ப்பு அதிகம். மாறாக, ஊசிமுனை அளவுள்ள பச்சைத் துகள்கள் மேலேறி, குடுவையின் கழுத்தருகே வளையமாக ஒட்டியிருந்தால், அது நச்சை உண்டாக்கக்கூடிய நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதன் உயிரணுக்களில் வாயு நிரம்பிய நுண்குமிழ்கள் இருப்பதால்தான் அது மிதக்கிறது. இந்தச் சோதனை சந்தேகத்தை எழுப்பப் போதுமானதே தவிர, நச்சு இருக்கிறதா இல்லையா என்பதைச் சொல்லாது. அதற்கு நுண்ணோக்கியும் ஆய்வகமும் தேவை.

சாதாரணப் பச்சைப்பாசி என்று உறுதியானால் அவசரப்பட வேண்டியதில்லை. விடியல் ஆக்சிஜன் 5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும்வரை, பாசியைக் கொல்வதைவிட, அது உண்ணும் சத்து எங்கிருந்து வருகிறது என்று தேடுவதே மேல்.

அறிகுறி: பச்சைச் சாயம் கொட்டியதுபோல் மேற்பரப்பில் திரண்ட படலம்

ஒரு குச்சியை விட்டு எடுத்துப் பாருங்கள். குச்சியில் நூல்நூலாகத் தொங்கினால் அது இழைப்பாசி. அடுத்த பகுதிக்குச் செல்லலாம். தொங்காமல் குச்சியின் மேல் வழவழவென்று பூசிக்கொண்டு வந்தால், நீலப்பச்சைப் பாசி என்றே எடுத்துக்கொண்டு செயல்பட வேண்டும். மைக்ரோசிஸ்டிஸ் போன்ற இனங்கள் கல்லீரலைத் தாக்கும் மைக்ரோசிஸ்டின் என்ற நச்சை உண்டாக்கக்கூடியவை. எல்லாத் திரளும் நச்சுடையவை அல்ல. ஆனால் நிறத்தையோ மணத்தையோ கொண்டு நச்சைக் கண்டுபிடிக்க இயலாது.

முதல் வேலை, மனிதரையும் விலங்குகளையும் விலக்கி வைப்பது. கரையில் ஒதுங்கிய படலத்தை நக்கும் நாய்களும், ஓரத்தில் விளையாடும் சிறு குழந்தைகளுமே மிகுந்த ஆபத்தில் இருப்பவர்கள்; காற்று வீசிச் செல்லும் திசையில் உள்ள கரையில்தான் படலம் பல மடங்கு அடர்த்தியாகத் திரளும் என்பதால், எச்சரிக்கைப் பலகையை அங்கே முதலில் வைக்க வேண்டும். அந்த நீரைத் தோட்டத்துக்குத் தெளிப்பானில் விடக் கூடாது, நுண்துளிகள் மூச்சோடு உள்ளே போகும். கொதிக்க வைத்தால் நச்சு அழியாது. உலக சுகாதார நிறுவனம் குளித்து விளையாடும் நீருக்கு லிட்டருக்கு 24 மைக்ரோகிராம் மைக்ரோசிஸ்டின் என்றும், நெடுங்காலம் குடிக்கும் நீருக்கு 1 மைக்ரோகிராம் என்றும் வழிகாட்டு அளவு வைத்திருக்கிறது. ஆய்வகச் சீட்டைப் படிக்கும்போது எந்த அளவோடு ஒப்பிடுகிறோம் என்பதில் கவனம் தேவை.

இந்த நிலையில் மயில்துத்தம் (தாமிர சல்பேட்) கலக்கும் ஆசை இயல்பாகவே எழும். அடர்ந்த திரளின் மேல் அதை இடுவதை நான் ஏற்கவே மாட்டேன். தாமிரம் உயிரணுவை உடைக்கும்போது, உள்ளே அடைபட்டிருந்த நச்சு முழுவதும் நீரில் கரைந்துவிடும். செத்த பாசி அழுகுகையில் ஆக்சிஜனும் தீர்ந்துபோகும். காற்று ஒதுக்கிய மூலையில் திரண்ட படலத்தை உறிஞ்சு பம்பு வைத்தோ, மிதக்கும் தடுப்பால் ஒடுக்கியோ கையுறையோடு அகற்றி, மீண்டும் வழிந்து வராத இடத்தில் கொட்டுவது மெதுவான வேலைதான் என்றாலும், அதில் பாசியோடு சேர்ந்து பாஸ்பரஸும் வெளியேறிவிடுகிறது.

அறிகுறி: கம்பளி மெத்தைபோல் மிதக்கும் பாசி

இது இழைப்பாசி. வழுக்கினால் ஸ்பைரோகைராவாகவும், சொரசொரப்பாக இருந்தால் கிளாடோபோராவாகவும் இருக்கக்கூடும். இரண்டுமே அடித்தரையில் வளரத் தொடங்குபவை. ஒரு பிடியை அள்ளி வெயிலில் பார்த்தால், இழைகளுக்கிடையே சின்னச் சின்னக் குமிழ்கள் சிக்கியிருப்பது தெரியும். அது தானே வெளியிட்ட ஆக்சிஜன், அதுதான் மெத்தையைத் தரையிலிருந்து தூக்கி மேலே கொண்டுவருகிறது. எனவே மேலே தென்படும் நாளில் பாசி புதிதாய் வந்துவிடவில்லை. பல வாரங்களாக அடியில் இருந்திருக்கிறது. ஆழம் குறைந்து வெளிச்சம் தரையை எட்டும் இடங்களில்தான் இது வேர்கொள்கிறது என்பதால், வண்டல் ஏறி மேடிட்ட ஓரங்களைத் தூர்வாருவது நிலையான தீர்வு.

உடனடித் தீர்வு பற்கொண்ட வாரியால் இழுத்தெடுப்பது. எடுத்ததைக் கரையிலேயே குவித்து வைத்தால் அடுத்த மழையில் அதன் சத்து அப்படியே நீருக்குத் திரும்பும். சரிவுக்கு அப்பால் கொண்டுபோய் உலரவிட வேண்டும். பூண்டு நாற்றமும், நெரித்தால் நொறுங்கும் தன்மையும் உள்ள ஒரு பாசி, கிளைகளோடு செடிபோலத் தரையில் நின்றால், அது கேரா; அது சேற்றைப் பிடித்து வைத்து நீரைத் தெளிவாக்குவது, படகுக்கு இடைஞ்சலாக இல்லாதவரை அதை விட்டுவைப்பதே நல்லது.

அறிகுறி: விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன, அல்லது செத்து மிதக்கின்றன

இதை மட்டும் அன்றே கவனித்தாக வேண்டும். இரண்டு மூன்று நாள் வானம் மூடியிருந்த பிறகு, அல்லது வெப்பமான காலத்தில் கடும் மழை பெய்த மறுநாள், அல்லது பாசிக்கொல்லி இட்ட சில நாள்களில் இது நேர்ந்தால், காரணம் பெரும்பாலும் ஆக்சிஜன் பற்றாக்குறைதான். மேகமூட்டத்தில் பாசியின் ஒளிச்சேர்க்கை குறைந்து, அதன் சுவாசம் மட்டும் தொடர்கிறது. மழையோ, அடிநீரைக் கிளறி மேலே கொண்டுவருகிறது, கூடவே தெருக்குப்பையின் மட்கும் பொருளையும் அடித்து வருகிறது. பெரிய மீன்கள் முதலில் சாவதும், சாவு விடியலையொட்டி நிகழ்வதும் இதன் அடையாளங்கள். மாறாக, சிறிதும் பெரிதுமாக எல்லா மீனும், தவளையும் நத்தையும்கூட, பகல் நேரத்தில் ஒன்றாகச் செத்தால், நஞ்சு கலந்திருக்கிறதா என்று சந்தேகிக்க வேண்டும். அப்போது நீர் மாதிரியையும், புதிதாகச் செத்த மீனையும் தனித்தனியே குளிர்வித்து வைத்துக்கொண்டு, மாசுக்கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்குத் தகவல் சொல்வதே முறை.

ஆக்சிஜன் பற்றாக்குறை என்று தெரிந்தவுடன், கிடைக்கும் பம்பைக் கொண்டு மேல்மட்ட நீரை எடுத்து மேற்பரப்பிலேயே சிதறி விழும்படி பாய்ச்ச வேண்டும். குழாயின் வாயை அடியில் வைத்து உறிஞ்சக் கூடாது. மீன்கள் கூடியிருக்கும் பகுதியில் மட்டும் இப்படி ஒரு புகலிடம் உண்டாக்கினாலே பல மீன்கள் பிழைத்துவிடும். வெயில் ஏறும்வரை நிறுத்தக் கூடாது.

ஆக்சிஜன் போதுமானதாக இருந்தும் மீன்கள் சாகுமானால் பிற்பகலில் பிஎச் அளவைப் பாருங்கள். அடர்ந்த பாசி நீரிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி, பிஎச்சை 9-க்கு மேல் ஏற்றிவிடும். 25 பாகை வெப்பநிலையில் பிஎச் 7 ஆக இருக்கையில், நீரிலுள்ள அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே நச்சு வடிவில் இருக்கும். பிஎச் 9 ஆகும்போது அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிடும். காலையில் தீங்கற்றதாக இருந்த அதே அம்மோனியா மாலையில் கொல்லும். கழிவுநீர் கசியும் கால்வாய்களில் இதை மறக்கக் கூடாது.

அறிகுறி: அழுகிய முட்டை நாற்றம், கறுத்த அடிநீர்

அடியில் ஆக்சிஜன் முற்றிலும் தீர்ந்து, ஹைட்ரஜன் சல்பைடு உருவாகிறது. மண் எடுப்பதற்காக ஆழமாகத் தோண்டிவிட்ட கால்வாய்களிலும், கடலோடு இணைந்து அடியில் உப்புநீர் தேங்கும் கால்வாய்களிலும் இது அதிகம்; இரண்டிலும் கனத்த அடிநீர் தனியடுக்காக நின்று, மேல்நீரோடு கலப்பதில்லை. அடியிலிருந்து காற்றூட்டும் கருவி இதற்கு உதவும். ஆனால் முதல் நாளே அதை முழுநேரம் ஓட்டினால், நச்சேறிய அடிநீர் ஒட்டுமொத்தமாக மேலே வந்து, காப்பாற்ற நினைத்த மீன்களையே கொல்லும். முதல் நாள் அரைமணி நேரம், அடுத்த நாள் ஒரு மணி நேரம் என்று படிப்படியாகக் கூட்டி, ஒரு வாரம் கழித்தே தொடர்ந்து ஓட்ட வேண்டும். கோடைக்கு முன்பே தொடங்குவது இன்னும் பாதுகாப்பானது.

நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க மூடிய வடிகாலுக்குள்ளோ ஆள்நுழை குழிக்குள்ளோ யாரும் இறங்கக் கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு செறிவு கூடும்போது மூக்கு அதை உணரும் ஆற்றலை இழந்துவிடுகிறது. நாற்றம் நின்றுவிட்டது என்று நம்பி இறங்கியவர்கள் மாண்டிருக்கிறார்கள்.

அறிகுறி: எண்ணெய்ப் பளபளப்பு, துருநிறம், நுரை, பழுப்புக் கலங்கல்

வானவில் நிறப் படலத்தைக் குச்சியால் கலைத்துப் பாருங்கள். ஓடு உடைவதுபோல் துண்டுதுண்டாகப் பிரிந்து அப்படியே நின்றால், அது இரும்பு பாக்டீரியா, தீங்கற்றது. கலைத்தவுடன் மீண்டும் சுழன்று ஒன்றுசேர்ந்தால் அது பெட்ரோலிய எண்ணெய், வடிகாலைப் பின்தொடர்ந்து மூலத்தைத் தேட வேண்டும். நுரை பழுப்பாகவும் மண்வாசனையோடும் காற்றடிக்கும் நாளில் மட்டும் தோன்றினால் அது மட்கிய இலைகளின் இயற்கையான விளைவு. வெண்மையாக, குழாய்வாயில் தொடங்கி, மணமுள்ளதாக இருந்தால் சலவைநீர் எங்கோ கலக்கிறது. பழுப்புக் கலங்கலைக் குடுவையில் பிடித்து வைத்தால் சில மணி நேரத்தில் மண் அடியில் படியும். கட்டுமானப் பணியிலோ கரையரிப்பிலோ தீர்வு இருக்கிறது, நீரில் இல்லை.

அறிகுறி: எத்தனை முறை மருந்திட்டாலும் பாசி திரும்பி வருகிறது

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான், ஆகவே கணக்கோடு விளக்குகிறேன். 300 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள கால்வாயில் 4,500 கன மீட்டர் நீர் இருக்கும். மொத்த பாஸ்பரஸ் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் என்று வைத்தால், நீர் முழுவதிலும் இருப்பது 450 கிராம் மட்டுமே. டிஏபி உரத்தின் 50 கிலோ மூட்டை ஒன்றில் ஏறத்தாழ 10 கிலோ பாஸ்பரஸ் இருக்கிறது. அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு மட்டும் மழையில் கரைந்து ஓடினாலும், கால்வாய் நீரிலுள்ள பாஸ்பரஸ் இரு மடங்காகிவிடும். கரையோரத்தில் ஒரே ஒரு வீட்டுப் புல்வெளி எவ்வளவு செய்துவிடும் என்பதை இதிலிருந்து உணரலாம்.

சேறு இதைவிடப் பெரிய கிடங்கு. மேல் 10 சென்டிமீட்டர் சேற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் உலர் எடை கன மீட்டருக்கு 300 கிலோ, கிலோவுக்கு ஒரு கிராம் பாஸ்பரஸ் என்று எளிய மதிப்புகளைப் போட்டாலே, 90 கிலோ வருகிறது. ஆக்சிஜன் இருக்கும்வரை அதில் பெரும்பகுதி இரும்போடு பிணைந்து அசையாமல் கிடக்கும். அடியில் ஆக்சிஜன் தீர்ந்ததும் பிணைப்பு அவிழ்ந்து, பாஸ்பரஸ் மேலே வரும். பாசிக்கொல்லி பாசியைக் கொல்கிறது, செத்த பாசி சேற்றில் படிகிறது, அழுகும்போது ஆக்சிஜன் தீர்கிறது, சேறு மீண்டும் சத்தை விடுகிறது. மருந்தே அடுத்த பாசிக்கு வழி செய்து கொடுக்கும் இந்தச் சுழற்சியை மருந்தால் முறிக்க முடியாது.

முதலில் வெளியிலிருந்து சத்து வரும் வழிகளை அடைக்க வேண்டும்: பாஸ்பரஸ் இல்லாத உரம், கரையிலிருந்து சில மீட்டர் அகலத்துக்கு வெட்டாமல் விட்ட புல், வடிகால் வாயில் இலைகளைப் பிடிக்கும் வலை, கசியும் செப்டிக் டேங்குகளின் பழுதுபார்ப்பு, பறவைகளுக்குத் தீனி போடுவதை நிறுத்துவது. அதன் பிறகே சேற்றைக் கையாள வேண்டும். வரத்து நிற்காமல் தூர்வாரினால், செலவு மட்டுமே மிஞ்சும். தூர்வார இயலாத இடங்களில் அலுமினியம் சல்பேட் என்னும் படிகாரமோ, லாந்தனம் என்னும் உலோகத்தை ஏற்றிய களிமண்ணோ பாஸ்பரஸைப் பிணைத்து அடியில் நிறுத்தும். படிகாரம் நீரின் காரத்தன்மையைக் கரைத்துவிடுவதால், பிஎச் 6-க்குக் கீழே போனால் அலுமினியமே மீனுக்கு நஞ்சாகும். அனுபவமுள்ளவர்களைக் கொண்டு அளவு கணக்கிட்டே இட வேண்டும்.

தவிர்க்க முடியாமல் மயில்துத்தம் இடத்தான் வேண்டுமென்றால், முதலில் உள்ளூர் விதிப்படி அனுமதி பெற வேண்டும். மொத்தக் காரத்தன்மை லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குக் குறைந்த மென்னீரில் தாமிரம் மீன்களைக் கொல்லும். அங்கே அது கூடாது. மற்ற இடங்களில் பாசி இளமையாக இருக்கும்போதே, ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்கு பரப்பு மட்டும், இரு வார இடைவெளி விட்டு. தாமிரம் சிதைவதில்லை, சேற்றில் சேர்ந்துகொண்டே போகும் என்பதால் இதை ஆண்டுதோறும் வழக்கமாக்குவது எதிர்காலத் தூர்வாரலையே சிக்கலாக்கிவிடும். பார்லி வைக்கோல் புதிய வளர்ச்சியைச் சில இடங்களில் தடுக்கிறது, இருக்கும் பாசியை ஒன்றும் செய்யாது. வெளிச்சத்தை மறைப்பதற்காக இடும் நீலச் சாயம் ஓட்டமுள்ள கால்வாயில் கரைந்தோடிவிடும்.

அறிகுறி: கால்வாயின் ஒரே முனையில் மட்டும் பாசி

மற்ற பகுதிகள் தெளிவாக இருக்க, முட்டிநிற்கும் முனையில் மட்டும் பாசி திரண்டால், அது பெரும்பாலும் ஓட்டக் குறைவு. சில ஆரஞ்சுப் பழங்களை முனையில் போட்டுவிட்டு, அவை ஒரு நாளில் எவ்வளவு தூரம் நகர்கின்றன என்று பாருங்கள். நீரில் பெரும்பகுதி மூழ்கி மிதப்பதால் காற்றைவிட நீரோட்டத்தையே அவை அதிகம் காட்டும். பாசி பெருகச் சில நாள்கள் வேண்டும். அதற்குள் நீர் மாறிவிட்டால் அது நிலைகொள்ள முடியாது. மேலே சொன்ன அளவுள்ள கால்வாயில், வினாடிக்கு 10 லிட்டர் செலுத்தும் பம்பு கால்வாயின் கொள்ளளவுக்கு நிகரான நீரைச் செலுத்தவே ஐந்து நாளுக்குச் சற்று மேல் ஆகும். உள்வரும் நீர் பழையதோடு கலந்துகொண்டே போவதால், பழைய நீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு வெளியேற ஏறத்தாழ மூன்று கொள்ளளவு தேவைப்படும். பம்பின் வாயைப் பிரதானக் கால்வாயில் வைத்து, நீரை முட்டுமுனையில் விட வேண்டும்; பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, பம்பு பயனற்றது என்று நிறுத்திவிடுகிறார்கள். மதகு இருந்தால், அதைத் திறக்கும் முன் வெளிநீரின் மொத்த பாஸ்பரஸையும் அளந்து பாருங்கள். அது உள்நீரைவிட அதிகமாக இருந்தால், நீரை மாற்றுவதால் ஓட்டம் கிடைக்கும், சத்தும் கூடவே வரும். அங்கே முனையைச் சுற்றியுள்ள வடிகால்களைத் திருப்பிவிடுவதே முதல் வேலையாக இருக்க வேண்டும்.